இரண்டாவது ஓட்டை

வங்காலை வேதக்கோயிலின் கோபுரம் மறைந்துவிட்டதா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தூறலில் அது முழுதாக மறையவும் இல்லை, ஒழுங்காகத் தெரியவும் இல்லை. அம்மா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவருடைய தலையில் ஒரு மூட்டை இருந்தது. மாமா தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளின் இரண்டு பக்கமும் மற்ற மூட்டைகள் தொங்கின. எல்லாவற்றிலும் பிளந்து உப்புப் போட்ட கட்டா மீன். என் பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களை அம்மா ஒரு பழைய சேலையில் சுற்றித் தன் மூட்டைக்குள் வைத்துவிட்டு, பைக்குள் மீன் வெட்டும் கத்திகளையும் மிச்ச உப்பையும் போட்டிருந்தார். உப்பு ஈரத்தில் கசிந்து என் முதுகு எரிந்தது. எரிகிறது என்று சொன்னேன். கொஞ்சத் தூரம்தான் என்றார். மன்னார்த் தீவு வரைக்கும் அவர் அதையே சொன்னார்.

பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஒன்று நின்றது. கொண்டக்டர் இறங்கி வந்து மூட்டைகளை மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டார். தள்ளாடிச் சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரர் சைக்கிள் மூட்டை ஒன்றின் வாயை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘யன்ன, யன்ன’ என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கையை வீசினார். அதற்குப் பிறகு யாரும் எங்களைச் சோதிக்கவில்லை.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபின், பெரியப்பாவின் வாடியில் ஒரு மூலையில் அம்மா கருவாடு போட்டு வந்தார். வாடி என்றால் கரையிலே மீன் வெட்டிக் காயப்போடுகிற கொட்டிலும் அதைச் சுற்றிய மணலும். அந்த வருடம் பெரியப்பாவின் மருமகனுக்கு அந்த மூலை தேவைப்பட்டது. சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது எங்கள் பந்தல் கம்புகள் பிடுங்கி ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தார். பிறகு சாக்குகளைத் தேடினார்.

அதற்குச் சில காலம் முன்பிருந்தே ஒரு ஏஜென்சிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். குவைத்தில் வீட்டு வேலை. அம்மா அவருக்கு முடிவாக எதையும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு நடக்கும்போதுதான் மாமாவிடம் சொன்னார்.

“இந்த மீன் காய்ஞ்சா நிப்பன். பழுதாப் போச்செண்டா அவனுக்கு ஓம் எண்டுவன்.”

“காயும் அக்கா,” என்றார் மாமா.

மாரி மழை தொடங்கிவிட்ட நேரத்தில் எங்கே காயும், எப்படிக் காயும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அம்மா நிற்பது மீன் காய்வதில்தான் இருக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. அந்த வயதில் அதற்கு மேல் ஒன்றும் விளங்கத் தேவையும் இருக்கவில்லை.

மன்னார்ப் பட்டினத்தின் ஓரத்தில், எருக்கலம்பிட்டிக்குத் திரும்புகிற பக்கமாக, ஒரு பேக்கரி இருந்தது. அதை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் முறையில் பேக்கரி நானா என்றே கூப்பிட்டார்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம் சனமெல்லாம் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியிலிருந்து போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவர். சண்டை முடிந்த பிறகு தனியாகத் திரும்பி வந்து, குண்டு பட்ட ஒரு பழைய மாடிக் கட்டடத்தைத் திருத்தி, பாண் ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பாகிய போறணையைக் கட்டியிருந்தார். மனைவி பிள்ளைகள் இன்னும் புத்தளத்தில்தான். பேக்கரி நிலைத்தால் அவர்களையும் கூட்டி வருவதாக இருந்தார். அம்மா கிழமையில் ஒருநாள் அவருக்குக் கருவாடு கொடுத்துப் பாண் வாங்கிவருவார். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் மூட்டையோடு மழையில் நிற்கிறவர்களிடம் அவர் கேள்வி கேட்கவில்லை. மேலே இடம் சும்மாதான் கிடக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றார்.

அந்தக் கட்டடம் நான் அதுவரை பார்த்த எதையும் போல இருக்கவில்லை. புதிய றோட்டை உயர்த்திப் போட்டபோது கீழ்த்தளம் பாதி நிலத்துக்குள் போய்விட்டது. பாண் வாங்குகிறவர்கள் படியிறங்கிக் கிடங்குக்குள் போவதுபோலப் போக வேண்டும். மழைத்தண்ணீர் வராமல் வாசலில் சீமெந்தால் ஒரு வரம்பு கட்டியிருந்தார்கள். உள்ளே பின்சுவரை அடைத்துக்கொண்டு போறணை. அந்த அறையில் ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு, வேர்த்து ஒழுகிக்கொண்டு மாக் குழைப்பார்கள். மேலே பனைமர உத்திரங்களில், நாங்கள் வளை என்பவற்றில், பலகை அடித்த தட்டு. அதற்கு மேல் தகரக் கூரை. மேல் அறையில் சுவரைத் தொட்டால் கை நனையும். கீழே ஒருவரும் வேண்டாத சூடு, மேலே ஒருவருக்கும் உதவாத குளிர். இடையில் ஒரு பலகை.

அந்தச் சூட்டை மேலே எடுத்தால் என்ன என்பது மாமாவின் யோசனை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு நடந்ததில் அவருடைய பங்கு அவ்வளவு நன்றாக இருக்கவில்லை.

மாமாவுக்குத் தொழில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது. எங்கள் கரையில் படகு ஓட்டையானால் அவரைத்தான் தேடுவார்கள். கல்லில் உரசிய ஓட்டை, ஆணி கழன்ற ஓட்டை, கண்ணுக்கே தெரியாத கசிவு, எதுவானாலும் கையால் தடவிக் கண்டுபிடித்து அடைத்துவிடுவார். ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவது அவரால் முடியாத காரியம். எங்கள் வீட்டுக் கதவில் திறப்பு போடுகிற சாவித்துவாரத்தைக்கூட ஒருமுறை அடைத்திருக்கிறார்.

நானாவிடம் கேட்டு, போறணையின் முதுகுக்கு நேர் மேலே பலகையில் ஒரு சதுரம் வெட்டினார். அவர் தன் கையால் வெட்டிய முதல் ஓட்டை அதுவாகத்தான் இருக்கும். வெட்டியதும் தான் செய்த பாவத்துக்குப் பரிகாரம்போல மற்றதையெல்லாம் அடைக்கத் தொடங்கினார். சன்னல்களுக்குத் தறப்பாள். சுவர் வெடிப்புகளுக்குக் களிமண். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் பழைய வலையைச் சுருட்டித் திணித்தார். சூடு வந்தால் வெளியே போக ஒரு வழியும் இருக்கக் கூடாது என்றார். அறை கவிழ்த்துவைத்த படகுபோல ஆனது. நாங்கள் கயிறு கட்டி மீனைத் தொங்கவிட்டோம். நான் அந்தச் சதுரத்தின் ஓரத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டேன். வயிறு சுட்டது. முதுகு குளிர்ந்தது.

சூடு அந்தச் சதுரத்தைத் தாண்டி வரவில்லை. ஓட்டைக்கு மேலே தொங்கிய மீன் மட்டும் கொஞ்சம் இறுகியது. மற்றதெல்லாம் வேர்த்தது. இரண்டாம் நாள் அம்மா ஒரு மீனைத் தொட்டுப் பார்த்தபோது விரலில் நூல்போல இழுபட்டது. அவர் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த மீனைத் தொட்டார். அதற்கு அடுத்ததையும் தொட்டார்.

எங்கேயோ கசிகிறது என்றார் மாமா. கையால் சுவரெல்லாம் தடவிப் பார்த்து, இன்னும் களிமண் குழைத்தார். பிறகு கீழே போய் விறகை அள்ளிப் போட்டார். நானா படியில் ஏறி வந்து, பாண் கருகுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். கீழே நிற்க முடியவில்லை என்றார். மேலே ஏன் இப்படிக் குளிர்கிறது என்றும் கேட்டார். மாமா கூரையைப் பார்த்தார். இன்னும் அடைக்க எதுவும் மிச்சமிருக்கிறதா என்று தேடினார் என்று நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் அம்மா வந்து எனக்குப் பக்கத்தில், பலகையில், என்னைப் போலவே குப்புறப் படுத்துக்கொண்டார். பெரிய ஆட்கள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. கன்னத்தைப் பலகையில் வைத்து ஓட்டைக்குள் பார்த்தார். கீழே லைட் எரிந்தது. மா அரித்துக்கொண்டிருந்தார்கள். மாத்தூள் வெளிச்சத்தில் எழும்பி ஓட்டைக்குள் வந்தது. வந்தது மேலே போகவில்லை. சுழன்றது. ஒரு பக்கத்தால் ஏறியது, மறு பக்கத்தால் இறங்கியது, நடுவில் முட்டிக்கொண்டது. நான் இரண்டு நாளாக அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்கவில்லை.

அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு படுத்தபடியே மாமாவைக் கூப்பிட்டார்.

“திருநாளுக்குப் பூசை முடிஞ்சு வாற சனமும், அடுத்த பூசைக்குப் போற சனமும் ஒரே வாசல்ல முட்டிக்கொண்டு நிக்குமே, அதுதான் இஞ்ச நடக்குது. சூடு ஏற வருது. குளிர் இறங்கப் பாக்குது. ரெண்டுக்கும் ஒரு வாசல்.”

“அதுக்கு?”

“கோயில்ல என்ன செய்யிறவை? பக்கக் கதவைத் திறந்து விடுறவை. அந்த மூலையில இன்னொண்டு வெட்டு. குளிர் அதால கீழ போகட்டும்.”

மாமா சிரித்தார். பிறகு அம்மா சிரிக்கவில்லை என்பதைக் கண்டார்.

“அக்கா, படகு தாழுது எண்டு சொல்ல, ஆராவது இன்னொரு ஓட்டை போடுவினமா?”

“உனக்கு எதைப் பாத்தாலும் படகுதான். இது வீடடா.”

மாமா மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா கீழே இறங்கி நானாவிடம் போனார். நானும் பின்னால் போனேன். மேலேயுள்ள ஈரக் குளிரை ஒரு குழாயால் இறக்கிப் போறணை வாய்க்குள் விட வேண்டும், நெருப்பு அதை இழுத்துப் புகைபோக்கியால் வெளியே தள்ளிவிடும், அது போகப் போகச் சூடு தானாக மேலே ஏறும் என்று அம்மா சொன்னார். நானா மாக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியது. விளங்கியதுதான் கரைச்சல்.

“மேல இருக்கிற காத்து முழுக்க மீன் வெடில், தங்கச்சி. அதைக் கீழ இறக்கினா என்ட பாண் என்னத்துக்கு ஆகும்?”

“பாணில படாது நானா. நெருப்புக்குள்ளதான் போகும்.”

“படாதெண்டு எப்பிடித் தெரியும்?”

அம்மா மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார்.

“தெரியாது. வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

பிற்காலத்தில் நான் பல ஊர்களில் பலருக்குக் கீழே வேலை செய்திருக்கிறேன். தெரியாது என்று சொல்லி ஒருவரிடம் ஒரு காரியத்துக்குச் சம்மதம் வாங்கிய வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. நானா கையிலிருந்த மாவைத் தட்டினார். வாசல் பக்கம் பார்த்தார். சனம் பாண் வாங்கவில்லை என்றால் அவர் திரும்பவும் புத்தளத்துக்குப் போக வேண்டியதுதான் என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

“வெட்டுங்க. என்ட பாண்ல மீன் மணந்திச்செண்டா, நானும் உங்களோட சேந்து மூட்டை கட்டுறன்,” என்றார்.

அம்மாவே மரம் அறுக்கிற வாளை எடுத்தார். தூர மூலையில் முழங்காலில் நின்று அறுக்கத் தொடங்கினார். அவருக்குக் கத்தி பழக்கம், வாள் பழக்கமில்லை. கோடு கோணிக்கொண்டே போனது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்திலேயே கோணல் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் பொறுக்க முடியாமல் எழும்பி வந்து, பலகை பாழாய்ப் போகிறது என்று வாளைப் பறித்து மிச்சத்தைத் தானே வெட்டினார்.

குழாய் செய்ய மாஜரின் தகரங்கள் கிடைத்தன. அடியை வெட்டி ஒன்றை ஒன்றுக்குள் சொருகிக்கொண்டே கீழே இறக்கினோம். மூட்டு ஒன்றில் மயிரளவு இடைவெளி இருந்தாலும் மீன் வெடில் பேக்கரிக்குள் வந்துவிடும் என்று அம்மா சொன்னதும் மாமாவின் முகம் மாறியது. அடைக்க வேண்டிய இடங்கள்! களிமண்ணோடு கோதுமை மாப் பசையைக் குழைத்து ஒவ்வொரு மூட்டாகப் பூசினார். தடவிப் பார்த்தார், திரும்பப் பூசினார். ஏணியில் நின்றபடி அவர் பாட்டுப் பாடியதாகவும் எனக்கு நினைவு. அந்தக் குழாயில் ஒரு கசிவும் இருக்கவில்லை. அவரைத் தவிர வேறு யார் செய்திருந்தாலும் இருந்திருக்கும்.

நானா போறணையை மூட்டினார். அம்மா என்னைப் புது ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு யாரோ என் கால்களுக்கு இடையால் நடந்து போவதுபோல ஒரு குளிர் தரையோடு தரையாக வந்து ஓட்டைக்குள் இறங்கியது. நிற்காமல் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் சூடு பட்டது. அறையின் அந்தக் கரையிலிருந்து, தொங்கிய மீன்களுக்கு நடுவால், அது தானாகவே நடந்து வந்திருந்தது. கால் குளிருது, முகம் சுடுது என்று கத்தினேன். அம்மா ஒரு மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வால் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

இதே காரியத்துக்காக நான் பிறகு நுவரெலியாவில் ஒரு விடுதியில் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அங்கே நிலவறையில் அடுப்பு, மேலே குளிரில் நடுங்குகிற விருந்தாளிகள். போன முதல் நாளே நான் தேடியது குளிர் இறங்குகிற வழியைத்தான். யாரோ அதன்மேல் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் நானாவின் பாண் விசயம் இன்னும் முடியவில்லை. மறுநாள் காலை முதல் பாணைப் பிய்த்து அவர் மூக்கில் வைத்தார். பிறகு மாமாவிடம் கொடுத்தார். மாமா அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்னிடம் தந்தார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, நாங்கள் நாலு பேரும் நானாவின் ஆட்களும் சில நாளாக மீனுக்குள்ளேயே இருந்து மூக்கை இழந்துவிட்டோம் என்று. பாணில் மீன் மணக்கிறதா என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை.

எருக்கலம்பிட்டிக்குச் சைக்கிளில் பாண் கொண்டுபோய் விற்கிற ஒருவர் தினமும் வருவார். அவர் குறை சொல்லாமல் பாண் எடுத்த நாள் கிடையாது. ஒருநாள் கருகல், ஒருநாள் வேகவில்லை, ஒருநாள் மாப் பழசு. அன்றைக்கு அவர் படியிறங்கி வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல நின்றோம். அவர் ஒரு பாணை எடுத்து அமத்தினார். பிய்த்தார். மணந்தார். திரும்பவும் மணந்தார். நானா வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிள்காரர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டுச் சொன்னார்.

“இண்டைக்கு உப்புக் காணாது.”

முதலில் மாமாதான் சிரித்தார். மேலே மூட்டை மூட்டையாய் உப்பு மீன் தொங்க, கீழே பாணில் உப்புக் குறைந்துவிட்டது. பிறகு அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நானா மேசையில் கைகளை ஊன்றிக் குனிந்துகொண்டார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிள்காரர் கோபித்துக்கொண்டு கூடுதலாக ஒரு பாண் கேட்டு வாங்கிப் போனார்.

மீன் காய்ந்தது. வெயிலில் காய்ந்ததைப் போல வெளுக்கவில்லை, கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. ஆனால் தட்டினால் பலகைபோலச் சத்தம் வந்தது. வெளியே மழை விடாமல் பெய்தது. ஏஜென்சிக்காரர் விசாரித்துக்கொண்டு பேக்கரிக்கே வந்தார். அம்மா மேலேயிருந்து இறங்கவில்லை. அவ வரமாட்டா என்று மாமா படியில் நின்று சொன்னார். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வந்ததுக்கு ஒரு பாண் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு உலகத்தில் இனி ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது.

ஒன்றுதான் மிச்சமாக இருந்தது. பகலில் போறணை ஆறினால் இழுப்பும் நின்றுவிடும். மெல்லிய நெருப்பு ஒன்றைக் காலையிலிருந்து மாலை வரைக்கும் யாராவது காக்க வேண்டும். அதுவரை மாமா செய்தார். பேசாலையில் அவருக்குப் படகு வேலை காத்துக்கொண்டிருந்தது. நானாவின் ஆட்கள் முழு இரவும் வேலை செய்து பகலில் உறங்குகிறவர்கள். அம்மாவோ மேலே மீன் வெட்ட வேண்டும், திருப்ப வேண்டும், அடுத்த மீனுக்குக் கரைக்குப் போக வேண்டும்.

“பொடியன் நிக்கட்டும். மாரி முடியுமட்டும்தானே, பள்ளிக்கூடம் பிறகு போகலாம்,” என்றார் நானா.

 அடுத்தவர் வீட்டுத் தட்டை வாளால் அறுத்த அம்மா, அந்தப் பேச்சுக்கு மட்டும் கையில் இருந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் ஓம் என்றேன். பெரிய ஆட்களின் வேலை எனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், அவர் வேண்டாம் என்று சொல்லுமுன் அவசரமாகச் சொன்னேன். அன்று பின்னேரம் அம்மா சேலையில் சுற்றியிருந்த என் புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாண் சுற்றுகிற தாளில் மடித்து, நல்ல சூடு வருகிற இடமாகப் பார்த்துக் கூரை வளையின் மேல் வைத்தார். ஈரம் பட்டுவிட்டதாக்கும், காயவைக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் கீழே இறங்கினேன். சாரம் எனக்குப் பெரிதாக இருந்தது. நானா அதை மடித்து இடுப்பில் சொருகிக் காட்டினார். விறகை எந்தப் பக்கமாக வைப்பது, எப்போது வெளியே இழுப்பது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். போறணை வாய்க்கு முன்னால் நான் தனியாக நின்றேன். முதல் விறகை வைத்தேன். அது பிடித்தது. போறணை வாயின் ஓரத்தில் முடிகிற குழாயின் வாய் என் தலைக்குப் பக்கத்தில் மெல்ல இரையத் தொடங்கியது. அதற்குள் வாயை வைத்து, “அம்மா, சூடு வருதா?” என்று கேட்டேன்.

குழாயில் காதை வைத்தேன். பிறகு குளிர் காற்றோடு சேர்ந்து அம்மாவின் குரல் இறங்கி வந்தது.

“வருது மகன்.”

அது அம்மாவின் குரல்போலவே இல்லை. தடிமன் பிடித்தவருடைய குரல்போல அடைத்து, நடுவில் உடைந்து வந்தது. மாஜரின் தகரத்துக்குள்ளால் வந்தால் யாருடைய குரலும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த விறகை எடுத்தேன்.